தேனும் கேள்வியும்: யூத மழலையர் வகுப்பில் விளையாட்டுக்கு என்ன இடம்?

அமெரிக்காவிலும் சரி, இஸ்ரேலிலும் சரி, யூத மழலையர் பள்ளியின் வாரம் வெள்ளிக்கிழமையை நோக்கித்தான் நகர்கிறது. அன்று மாலை சப்பாத் என்னும் ஓய்வுநாள் தொடங்கும். அதற்கு முன்பாகக் காலையிலேயே வகுப்பில் ஒரு சிறு மேசைக்கு வெள்ளை விரிப்பு போட்டு, இரண்டு மெழுகுவர்த்தி, பின்னல் போட்ட ஹல்லா ரொட்டி, கோப்பையில் திராட்சைச் சாறு, தருமத்துக்குக் காசு போட ஓர் உண்டியல் எல்லாம் வைப்பார்கள். ஒரு பிள்ளை அன்றைக்கு ‘சப்பாத் அம்மா’, இன்னொரு பிள்ளை ‘சப்பாத் அப்பா’. நேரம் இன்னும் வரவில்லை என்பதால் இதை வழிபாடு என்று சொல்ல முடியாது. ரொட்டியும் ஆசி வாசகமும் உண்மையானவை என்பதால் வெறும் நாடகம் என்றும் தள்ள முடியாது. இது பாடமா, விளையாட்டா? கட்டணம் கட்டும் பெற்றோர், பிள்ளை எப்போது எழுத்துக் கற்கும் என்று கேட்கிறார்கள். ஜெப ஆலய நிர்வாகிகள், பிள்ளைக்கு யூத மரபில் என்ன தெரிந்திருக்கிறது என்று கேட்கிறார்கள். குழந்தை உளவியல் படித்த ஆசிரியைகளோ, விளையாட்டை விளையாட்டாகவே விடுங்கள் என்கிறார்கள். மூவரும் கற்றலும் விளையாட்டும் தராசின் இரண்டு தட்டுகள் என்றே எண்ணிப் பேசுகிறார்கள். யூத மரபின் பழைய நூல்களைப் புரட்டினால் பிளவு வேறிடத்தில் இருப்பது தெரியும். விளையாட்டைப் பற்றி அங்கே இரண்டு பார்வைகள் உண்டு. ஒன்று, பிள்ளையைப் பாடத்துக்கு இழுக்கும் இனிப்பாக அதைப் பார்க்கிறது. மற்றது, பிள்ளையின் வாயில் கேள்வி பிறக்கும் இடமாகப் பார்க்கிறது. முதலாவதை மழலையர் பள்ளிகள் எளிதில் பிடித்துக்கொண்டன. இரண்டாவதே ஆழமானது, ஆய்வுகளும் அதன் பக்கமே சாய்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் பார்வைக்கு மிக அழகான சான்று மத்திய கால ஜெர்மனியிலும் பிரான்சிலும் வாழ்ந்த யூதர்களிடம் இருந்தது. ஷாவுவோத் என்னும் வாரங்களின் பண்டிகையன்று சிறுவனைத் துணியால் போர்த்தி ஆசிரியரிடம் கொண்டுபோவார்கள். ஆசிரியர் எபிரேய எழுத்துகள் எழுதிய பலகையில் தேனைத் தடவி, பிள்ளையை நக்கச் சொல்வார். தேன் சேர்த்துப் பிசைந்த அப்பங்களிலும் வேகவைத்த முட்டைகளிலும் வேத வசனங்களை எழுதி உண்ணக் கொடுப்பார்கள். வோர்ம்ஸ் நகரத்து எலியாசர் போன்றோர் எழுதிவைத்த இச்சடங்கை, வரலாற்றாசிரியர் ஐவன் மார்கஸ் 1996இல் ஒரு தனி நூலாகவே ஆராய்ந்திருக்கிறார். இன்றும் ஆசாரமான குடும்பங்களில் மூன்று வயதுச் சிறுவனுக்கு எழுத்தட்டையில் தேன் தடவிக் கொடுக்கும் வழக்கம் உயிரோடு இருக்கிறது. கல்வி இனிக்கும் என்பதை நாவுக்கே உணர்த்திவிடும் இந்தச் சடங்கின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்த முறையின் எல்லையை 12ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் கண்டு சொல்லிவிட்டார். யூத அறிஞர் மைமோனிடெஸ், பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவுக்கு எழுதிய உரையில் ஓர் ஏணியை விவரிக்கிறார்: சிறுவனுக்குக் கொட்டையும் அத்திப்பழமும் தேனும் காட்டிப் படிக்கச் சொல்வார்கள். வளர்ந்தால் நல்ல செருப்பும் உடையும், பிறகு பணம், அதற்கும் பிறகு பதவியும் மரியாதையும். இது தாழ்ந்த வழி, மனித மனத்தின் பலவீனத்தால் வேண்டியிருக்கிறது, கல்வியின் நோக்கம் கல்வியே என்பது அவர் கருத்து. தேன் பிள்ளையைப் பலகைவரை கொண்டுவந்துவிடும். அதன்பின் அங்கே நடப்பதில் தேனுக்குப் பங்கு கிடையாது.

இரண்டாம் பார்வை பஸ்கா இரவில் முழுமையாக வெளிப்படுகிறது. எகிப்திலிருந்து விடுதலை பெற்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இரவு அது. பிள்ளைகள் தூங்கிவிடாமல் கேள்வி கேட்பதற்காக அவர்களுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் பங்கிட வேண்டும் என்கிறது மிஷ்னாவை விளக்கி விவாதிக்கும் நூலான தால்முத். ரபி அகிவா அப்படியே செய்தார் என்றும் அது கூறுகிறது. இங்கும் தின்பண்டம் இருக்கிறது, ஆனால் அதன் வேலை வேறு. பதிலை விழுங்கவைக்க அது வரவில்லை. வழக்கத்துக்கு மாறாக ஏதோ நடக்கிறதே என்று பிள்ளையை வியக்கவைக்க வருகிறது. இன்னும் கூர்மையான காட்சி தால்முத்தின் அதே பகுதியில், பெசாக்கிமில், இருக்கிறது. சிறுவன் அபாயே தன் வளர்ப்பாளரும் ஆசிரியருமான ரப்பாவின் முன் உட்கார்ந்திருக்கிறான். உணவு உண்ணும் முன்பே மேசையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நாம் இன்னும் சாப்பிடவே இல்லையே, ஏன் எடுக்கிறார்கள் என்று அவன் கேட்கிறான். இந்த இரவு ஏன் வேறுபட்டது என்று கேட்கும் வழக்கமான வாசகத்தை ஓதும் கடமையிலிருந்து நீ எங்களை விடுவித்துவிட்டாய் என்று ரப்பா பதில் சொல்கிறார். மனப்பாடமான கேள்வியைவிடப் பிள்ளைக்குத் தானாக எழுந்த கேள்வி உயர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கல்வி நூலை நான் அறியேன். இன்றைய மழலையர் வகுப்புகளிலோ பஸ்காவுக்கு வாரக்கணக்கில் அந்த வாசகத்தின் நான்கு கேள்விகளையும் பாட்டாக மனப்பாடம் செய்விக்கிறார்கள். பெற்றோர் முன்னிலையில் பிள்ளை அதைப் பிழையின்றிப் பாடுவது இனிமையான காட்சிதான். ஆனால் ரப்பா போற்றியது அந்தத் திறமையை அன்று.

இது ஓரிடத்தில் மட்டும் காணும் கருத்தும் அன்று. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா, புத்தாண்டில் ஊதும் ஷோஃபார் என்னும் ஆட்டுக்கொம்பைச் சிறுவர்கள் ஊதிப் பார்ப்பதைத் தடுக்கக் கூடாது, அவர்கள் கற்றுக்கொள்ளும்வரை பெரியவர்கள் கூட இருந்து ஈடுபட வேண்டும் என்கிறது. கொம்பு பிள்ளையின் கையில், பெரியவர் பக்கத்தில். தால்முத்தின் சப்பாத் பகுதியில் இன்னொரு செய்தி: கல்விக்கூடத்துக்கு வந்த சிறுவர்கள் எழுத்துகளின் வடிவத்தை வைத்துச் சொன்ன விளக்கங்கள், யோசுவாவின் காலத்திலும் கேட்டிராத அளவு புதுமையாக இருந்தனவாம். கிம்மெல் என்ற எழுத்தின் கால் டாலெத் என்ற அடுத்த எழுத்தை நோக்கி ஏன் நீள்கிறது? கொடுப்பவர் ஏழையைத் தேடி ஓடுவார் என்பதால். டாலெத் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது? வாங்குபவர் வெட்கப்படாதபடி மறைவாகக் கொடுக்க வேண்டும் என்பதால். எழுத்தை மனிதனாக்கி விளையாடும் பிள்ளைப் புத்தி இது. அறிஞர்கள் அதைக் கேட்டுத் திருத்தவில்லை, தங்கள் நூலில் பதிந்துவைத்தார்கள்.

நவீன மழலையர் பள்ளி யூதர்களிடம் வந்தது வேறு வழியாக. ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல் 1840இல் தமது நிறுவனத்துக்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் சூட்டினார். 1851இல் பிரஷ்ய அரசு அதைத் தடை செய்தது, 1860இல்தான் தடை நீங்கியது. இந்தக் காலத்தை ஒட்டி அவ்வியக்கத்தைத் தாங்கியவர்களில் யூதப் பெண்கள் முக்கியமானவர்கள். ஹாம்பர்க்கில் யோகானா கோல்ட்ஷ்மிட் ஃப்ரோபெலையே அழைத்துப் பேசவைத்தார். பெர்லினில் லீனா மோர்கென்ஸ்டெர்ன் 1861இல் ஃப்ரோபெல் முறையை விளக்கும் கையேடு ஒன்றை வெளியிட்டார். கிழக்கு ஐரோப்பாவிலோ மெலாமெத் என்னும் ஆசிரியரின் வீட்டு அறையே ஹேடர் என்னும் பள்ளியாக இருந்தது. மூன்று நான்கு வயதுச் சிறுவர்கள் நாள் முழுதும் அங்கே உட்கார்ந்து ஓதினார்கள். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். இந்த இரண்டு உலகங்களும் 1898இல் பாலஸ்தீனத்தின் யூதக் குடியேற்றமான ரிஷோன் லெசியோனில் திறந்த முதல் எபிரேய மழலையர் பள்ளியில் சந்தித்தன. வீட்டில் யாரும் பேசாத மொழியில் பிள்ளைகளை விளையாடவைக்க வேண்டும். அந்த மொழியில் பொம்மைகளுக்குப் பெயர் இல்லை, விரல் விளையாட்டுக்குப் பாட்டு இல்லை. ஆசிரியைகளே சொற்களை ஆக்கினார்கள். பின்னர் லெவின் கிப்னிஸ் போன்ற எழுத்தாளர்கள் பண்டிகைதோறும் பாடல்கள் எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அந்தச் சொற்களை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாய்மாருக்குக் கற்பித்தார்கள். நூற்றாண்டுகளாகப் பிரார்த்தனைக்கும் படிப்புக்கும் பயன்பட்ட மொழி மீண்டும் பிள்ளைப் பேச்சாக மாறியதில் மணல்தொட்டிக்கும் வட்டப் பாட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. விளையாட்டால் என்ன கற்க முடியும் என்று ஐயப்படுவோருக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஆனால் இதே வரலாறுதான் என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான தடையையும் எழுப்புகிறது. 1920களிலும் 30களிலும் அந்த வகுப்புகளில் மரம் நடும் விழா, முதற்கனிக் கூடை ஏந்தும் விழா, யூத தேசிய நிதியத்தின் நீல உண்டியலைச் சுற்றிய சடங்குகள் எல்லாம் திட்டமிட்டு உருவாயின. பிள்ளைகள் ஆடிப்பாடி ஒரு தேசியக் கொள்கையை உள்வாங்கினார்கள். சொற்பொழிவை விட விளையாட்டு ஆழமாக இறங்கும் என்றால், பெரியவர்களின் கொள்கையைத் திணிக்கவும் அதுவே மிகச் சிறந்த கருவியாகுமே? ஆம், ஆகும். இதை மறைத்துவிட்டு விளையாட்டைப் புகழ்வது நேர்மையாகாது. அதனால்தான், வகுப்பில் விளையாட்டு நடக்கிறதா என்று கேட்டால் போதாது என்கிறேன். பிள்ளையின் கேள்வியால் அந்த வகுப்பில் ஏதாவது மாறுகிறதா என்று கேட்க வேண்டும். உண்டியலில் காசு போடும் பிள்ளை, இது யாருக்குப் போகிறது, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதற்கேற்ப வகுப்பு ஒரு முடிவு எடுத்தால் அங்கே கல்வி நடந்திருக்கிறது. காசு விழும் ஓசையோடு பாட்டும் முடிந்துபோனால் நடந்தது பழக்குதல் மட்டுமே.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? விளையாட்டு எல்லாவற்றையும் வளர்க்கும் என்ற பொதுவான நம்பிக்கைக்குச் சான்று பலவீனமானது. ஏஞ்சலின் லில்லார்டும் உடனாய்வாளர்களும் 2013இல் பாவனை விளையாட்டைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அதுவே அறிவுத்திறன்களை உருவாக்குகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவுசெய்தார்கள். விளையாட்டின் பக்கம் நிற்பவர்கள் இந்த முடிவை மதிக்க வேண்டும். ஆனால் பெரியவர் பக்கத்தில் இருந்து, நோக்கத்தோடு பொருள்களை அமைத்து, போக்கைப் பிள்ளையின் கையில் விடும் ‘வழிகாட்டும் விளையாட்டு’ பற்றிய முடிவுகள் வேறு. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2022இல் 39 ஆய்வுகளைத் தொகுத்தபோது, தொடக்கக் கணிதம், வடிவ அறிவு, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தைத் திருப்பும் திறன் ஆகியவற்றில் அது நேரடிப் போதனையை விஞ்சியது. வேறு பல திறன்களில் வேறுபாடு இல்லை, அதாவது பின்தங்கவும் இல்லை. 2011இல் எலிசபெத் போனாவிட்ஸ் குழுவினர் செய்த சோதனையும் இங்கே பொருந்தும். பல இரகசியங்கள் உள்ள ஒரு பொம்மையைக் கொடுத்து, அதில் ஒன்றை மட்டும் ஆசிரியரைப் போல விளக்கிக் காட்டினால், பிள்ளைகள் மற்றவற்றைத் தேடுவது குறைந்தது. தற்செயலாகப் பட்டதுபோல் காட்டினால் அதிகம் தேடினார்கள். முழுமையான விளக்கம் பிள்ளையின் தேடலை மூடிவிடும் என்பதே இதன் பொருள். முற்றிலும் கைவிட்ட விளையாட்டும் போதவில்லை, முற்றிலும் சொல்லிக்கொடுப்பதும் போதவில்லை என்று ஆய்வு காட்டும் இடமும், கொம்பைப் பிள்ளையிடம் கொடுத்துக் கூட இருக்கச் சொன்ன மிஷ்னா நிற்கும் இடமும் ஒன்றேதான்.

இதைக் கூடாரப் பண்டிகையை வைத்துப் பார்ப்போம். யூத ஆண்டின் முதல் மாதமான திஷ்ரியில் புத்தாண்டு, பாவநிவிர்த்தி நாள், கூடாரப் பண்டிகை, தோரா மகிழ்விழா ஆகிய நான்கும் ஏறத்தாழ மூன்றே வாரங்களில் அடுத்தடுத்து வரும். அமெரிக்காவில் அது பள்ளி திறந்த புதிது. ஆசிரியையின் முகமே பிள்ளைக்கு முழுதும் பழகியிராது. அந்த அவசரத்தில் பல வகுப்புகள் அச்சடித்த தாள்களுக்குள் ஒதுங்கிவிடுகின்றன. ஆசிரியை முன்பே வெட்டிவைத்த ஆப்பிள், வெட்டிவைத்த கூடாரம், பிள்ளையின் பங்கு பசை தடவுவது. இருபது தாள்களும் ஒன்றுபோலவே சுவரில் தொங்கும். இதில் தேனும் இல்லை, கேள்வியும் இல்லை. ஆனால் கூடாரத்தைப் பற்றிய சட்டங்களே கட்டுமானக் கட்டைகளோடு விளையாடும் பிள்ளைக்கென்று எழுதியவை போல் இருக்கின்றன. எத்தனை சுவர் வேண்டும்? இரண்டு முழுதாக இருந்து மூன்றாவது ஒரு சாண் கூட இல்லாமல் ஒரு கைப்பிடி அகலம் இருந்தால் போதுமா? கூரை மண்ணில் விளைந்த பொருளாக இருக்க வேண்டும், ஆனால் வேரோடு நிற்கக் கூடாது. வெயிலைவிட நிழல் அதிகமாக விழ வேண்டும். இருபது முழத்துக்கு மேல் உயரக் கூடாது. வண்டியின்மேல் கட்டலாமா, கப்பலின்மேல், மரத்தின்மேல், ஒட்டகத்தின்மேல் கட்டலாமா என்றெல்லாம் மிஷ்னா மிகுந்த கவனத்தோடு ஆராய்கிறது. நான்கு வயதுப் பிள்ளையிடம் கட்டைகளும் துணியும் ஓலையும் கைவிளக்கும் கொடுத்து, இதன் உள்ளே நிழல் அதிகமா வெளிச்சம் அதிகமா என்று கேட்டால், அது மிஷ்னாவின் விவாதத்துக்குள் நேராக நுழைந்துவிடுகிறது. பொம்மை ஒட்டகத்தின் முதுகில் கூடாரம் கட்டும் பிள்ளை விளையாடுகிறதா படிக்கிறதா என்று பிரித்துச் சொல்ல அங்கே யாராலும் முடியாது. இஸ்ரேலில் ஸ்தே எலியாகு என்னும் சமயப் பற்றுள்ள கிப்புட்சில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில்) மால்கா ஹாஸ் உருவாக்கிய ‘பழம்பொருள் முற்றம்’ இந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். பயன்முடிந்த உழவுக் கருவிகள், டயர்கள், பெட்டிகள், பாத்திரங்கள் ஆகிய உண்மைப் பொருள்களைப் பிள்ளைகள் முன் குவித்து, அவர்களே ஓர் உலகத்தைக் கட்ட அவர் வழிசெய்தார். அந்த முறை பிற கிப்புட்சுகளுக்கும் பரவியது.

சமயக் கல்வியாளர்கள் இங்கே ஒரு நியாயமான மறுப்பை முன்வைப்பார்கள். நிழலின் அளவைக் கட்டைகளால் கண்டுபிடிக்கலாம், சப்பாத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அது கொடுக்கப்பட்டது, சட்டமாக வந்தது. விருப்பப்படி மாற்றும் விளையாட்டையும் மாற்றக் கூடாத கட்டளையையும் ஒரே கூரையின்கீழ் வைத்தால் கட்டளை இலேசாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். இந்த அச்சம், விளையாட்டு என்றால் விதி இல்லாதது என்று எண்ணுவதால் வருகிறது. யூதக் குடும்பத்தில் பிறந்து கோமெல் நகரில் வளர்ந்த உளவியலாளர் லெவ் வீகோட்ஸ்கி, 1933இல் ஆற்றிய உரையில் இதற்கு நேர்மாறாக வாதிட்டார். உடன்பிறந்த சகோதரிகள் இருவர் ‘அக்கா தங்கை’ விளையாட்டு விளையாடும்போது, நாள்தோறும் கவனிக்காமல் வாழ்ந்த உறவு அவர்களுக்கு விதியாகத் தெரிகிறது. அக்காவாக நடிப்பவள் அக்கா செய்யக்கூடியதை மட்டுமே செய்வாள், ஆசைப்பட்டதையெல்லாம் செய்ய மாட்டாள். பிள்ளை தன்னைத் தானே அடக்கப் பழகுவது இந்தப் பாவனையில்தான். சப்பாத் அம்மாவாக நிற்கும் பிள்ளை மெழுகுவர்த்தியின் முன் கண்களை மூடி, ரொட்டியைத் தொடாமல் காத்திருப்பது வீகோட்ஸ்கி சொன்ன அந்த விதியைத்தான் கடைப்பிடித்து. கட்டளையை ஏற்கும் மனம் உருவாவதற்குப் பாவனை முன்படி. யூதச் சட்டமும் இதை அறிந்திருக்கிறது. ஆசி வாசகத்தைப் பயிலும் சிறுவன் சொல்லும் ஆசிக்கு ஆமென் சொல்ல வேண்டாம் என்று தால்முத்தின் பெராகோத் பகுதி விலக்கு அளிக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் ஆரூக், உரிய நேரம் வராவிட்டாலும் பிள்ளைகளுக்கு ஆசியை முழுதாகக் கற்பிக்கலாம் என்று இடம் தருகிறது. முழுமையாகச் சொல்லப்படுகிறது, ஆனால் இன்னும் கடமையாகவில்லை. வெள்ளிக்கிழமை காலையின் மேசைக்கு மரபே ஒதுக்கிவைத்த இடம் இது.

இன்னொரு மறுப்பு நடைமுறையிலிருந்து வருகிறது. நியூயார்க்கிலும் எருசலேமிலும் கடும் ஆசாரமான ஹரெதி சமூகத்து ஹேடர்களில் பிள்ளைகள் மூன்று வயதில் எழுத்தும், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வாசிப்பும் கற்கிறார்கள். அவர்களில் பலர் வாழ்நாள் முழுதும் படிப்பாளிகளாக இருக்கிறார்கள். அப்படியிருக்க விளையாட்டு எதற்கு? அவர்களுடைய கல்விப் பற்றைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. உயிர்க்குறிகள் இட்ட எபிரேயத்தில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நேராக இருப்பதால் சிறு வயதிலேயே எழுத்துக்கூட்டிப் படித்துவிட முடியும். ஆனால் வீட்டில் இத்திஷ் அல்லது ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு அப்போது ஒலி வருகிறது, பொருள் பின்னர்தான் வருகிறது. முன்கூட்டிப் பெறும் வாசிப்புத் திறன் எவ்வளவு காலம் முன்னணியில் நிற்கும் என்பதும் கேட்க வேண்டியது. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகேட் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களை ஏழு வயதில் தொடங்கியவர்கள் பதினொரு வயதளவில் எட்டிப்பிடித்துவிட்டார்கள். மேலும் ஹரெதி வீடுகளில் பல பிள்ளைகள் கூடி நாள்தோறும் விளையாடுகிறார்கள். ஹேடர் தராததை வீடும் தெருவும் தருகின்றன. ஒற்றைப் பிள்ளையாக அடுக்குமாடியில் வளர்பவரிடமிருந்து அந்த நேரத்தையும் பள்ளி எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடு கிடையாது. முதுமரபும் அவசரப்படவில்லை. வேதப் படிப்புக்கு ஐந்து வயது என்கிறது மிஷ்னாவின் பிதாக்கள் பகுதி. ஆறு வயதுக்கு முன் மாணவரை ஏற்காதே என்று ராவ் என்ற அறிஞர் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குச் சொன்னதைத் தால்முத் பதிந்திருக்கிறது.

அமெரிக்காவில் இக்கேள்விக்கு இன்னும் ஒரு முகம் உண்டு. பியூ ஆய்வு மையத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 2010க்குப் பின் மணம்செய்த அமெரிக்க யூதர்களில் 61 விழுக்காட்டினர் யூதரல்லாத ஒருவரை மணந்திருக்கிறார்கள். ஆகவே பல வகுப்புகளில் ‘வீட்டு விளையாட்டு’ மூலை எளிய இடம் இல்லை. ஒரு பிள்ளை பொம்மைச் சமையலறையில் பால் பாத்திரத்தையும் இறைச்சிப் பாத்திரத்தையும் பிரித்து அடுக்கும். இன்னொரு பிள்ளை அதே மூலையில் கிறிஸ்துமஸ் மரம் வைக்க வேண்டும் என்று சொல்லும். ஆசிரியை மனப்பாடமான பதில்களை மட்டும் வைத்திருந்தால் இத்தகைய தருணங்களில் வாயடைத்துப்போவார். பாட்டி வீட்டில் மரம் இருக்கிறது, எங்கள் வீட்டில் ஏன் இல்லை என்ற கேள்வி, அபாயேயின் கேள்வியைப் போலவே, பிள்ளை தன் கண்ணால் பார்த்த வேறுபாட்டிலிருந்து பிறந்தது. அதை மதித்துப் பதில் சொல்லும் பள்ளிகளுக்குப் பெற்றோரும் தங்கள் கேள்விகளோடு வந்து சேர்வார்கள்.

இப்படிக் கேட்டுப் பதில் சொல்ல ஆசிரியைக்கு நேரமும் அருகாமையும் வேண்டும். அதை முடிவுசெய்வது வகுப்பின் எண்ணிக்கை. இஸ்ரேலில் மூன்று வயதிலிருந்தே கட்டாயக் கல்வி என்று 1984இல் சட்டம் திருத்தப்பட்டு, 2011இன் மக்கள் போராட்டங்களுக்குப் பிறகே முழுதாக நடைமுறைக்கு வந்தது. அது பெரும் சாதனை. ஆனால் அங்கே ஒரு மழலையர் வகுப்பில் 35 பிள்ளைகள் வரை அனுமதி. ஓர் ஆசிரியருக்கு 25 மாணவர், 40 ஆனால் ஒரு துணை ஆசிரியர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர் என்று தால்முத்தின் பாபா பத்ரா பகுதி விதித்தது, அதுவும் ஆறு வயது கடந்த சிறுவர்களுக்கு. மூன்று வயதுப் பிள்ளைகள் 35 பேரை வட்டமாக உட்காரவைத்தால் பாட்டுப் பாடலாம், தேன் கொடுக்கலாம், கேள்வி கேட்க முடியாது. இஸ்ரேலின் கல்வி அமைச்சகமும், ஆசிரியைகளின் குறைந்த சம்பளத்தில் செலவைச் சமாளிக்கும் அமெரிக்க ஜெப ஆலய நிர்வாகக் குழுக்களும் புதிய பாடத்திட்டம் எழுதுவதற்கு முன்னால் இந்த எண்ணிக்கையைக் குறைக்கட்டும்.